பூட்டிய பீரோவும் நீண்டுபோன இஞ்சு டேப்பும்: எங்கள் ஊர்ப் பள்ளி பற்றி ஒரு விமர்சனம்

கிரைண்டர் வாங்கினால் விமர்சனம் படிக்கிறோம். மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடைக்குப் போவதற்கு முன்பும் படிக்கிறோம். பிள்ளையை வருடக்கணக்கில் உட்கார வைக்கிற இடத்துக்கு மட்டும் "அந்த ஸ்கூல் நல்லா இருக்காம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதே போதுமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் ஒரு தனியார் பள்ளியில் ஐந்து வருடம் ஃபீஸ் கட்டினேன். அங்கேயும் செய்முறை உண்டு, 'ப்ராஜெக்ட்' என்று பெயர். எரிமலை வேண்டுமா, சூரிய மண்டலம் வேண்டுமா, எல்லாம் தெர்மாகோலில் ரெடிமேடாகக் கடையில் கிடைக்கும். நான் 350 ரூபாய் கொடுத்து வாங்குவேன், வீட்டுக்காரர் ஃபெவிக்காலால் ஒட்டுவார், மகள் கொண்டுபோய் மார்க் வாங்குவாள். எரிமலை ஏன் வெடிக்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணைக் கரையோரம். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2023 ஜூனில் மகளை ஆறாம் வகுப்பிலும் மகனை இரண்டாம் வகுப்பிலும் ஊரிலேயே உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சேர்த்தேன். இதில் கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை, ஃபீஸ் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது மகள் எட்டாம் வகுப்பு. கிட்டத்தட்ட மூன்று வருடம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சின்னவன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு 'எண்ணும் எழுத்தும்'. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் வர வேண்டும் என்று தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய திட்டம். எந்த வகுப்பில் இருக்கிறான் என்பதைவிட என்ன தெரிகிறது என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். பழைய பள்ளியில் இரண்டாவது ரேங்க் வாங்கியவன் இங்கே அரும்பில் உட்கார்ந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இது நம்ம காலத்து அட்டை சமாச்சாரம்தான், பேரை மாத்திட்டாங்க" என்றாள் என் தங்கை. பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டை அட்டையாகப் படித்துப் போகும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த சமயத்தில் பள்ளியில் படித்தவள் அவள். இருக்கலாம். ஆனால் தீபாவளிக்குள் அவன் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டான். அது போதும் எனக்கு.

பெரியவளுக்கு 'வானவில் மன்றம்'. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கி வைத்தது. கருத்தாளர் என்று ஒருவர் பையில் சாமான்களோடு பள்ளிக்கு வருவார். எங்களுக்கு வருகிற பெண் டூ வீலரில் வருவார். ஊசி போடும் சிரிஞ்சு, ஸ்ட்ரா, பலூன், காந்தம், சைக்கிள் வால் டியூப், தீக்குச்சி, இவ்வளவுதான் சாமான். அந்தப் பையில் இருப்பதை வைத்து ஒரு மணி நேரம் அறுபது பிள்ளைகளை அடக்கி வைத்திருப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமை. வீட்டில் இரண்டு பேரையே என்னால் அடக்க முடிவதில்லை.

ஒரு தடவை உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் சோதனை. மகளோடு படிக்கிற ஒரு பையனின் அப்பா தேவனாம்பட்டினத்தில் படகுக்குப் போகிறவர். "உப்பு எதுக்கு டீச்சர், கடல் தண்ணியே கொண்டு வரேன்" என்று ஒரு கேன் நிறையக் கொண்டு வந்துவிட்டான். சத்துணவு ஆயாவிடம் ஒரு பச்சை முட்டை கடன். (அந்த ஒரு முட்டைக்குக் கணக்கு காட்டப் பெரிய டீச்சர் பட்ட பாடு தனிக் கதை.) முட்டையைப் போட்டால் நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். வேறு யாராவது இருந்தால் "முட்டை சரியில்லை" என்று சொல்லி முடித்திருப்பார்கள். இந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. "ஏன்னு பார்க்கலாம்" என்று ஒரு லிட்டர் கடல் தண்ணீரை அளந்து, கல் உப்பை ஸ்பூன் ஸ்பூனாகப் போடச் சொன்னார். ஒரு லிட்டர் கடல் நீரில் தோராயமாக 35 கிராம் உப்புதான் இருக்கிறது. புது முட்டையை மிதக்க விட அது போதாது, அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். போட்டுக்கொண்டே போனார்கள், கடைசியில் முட்டை மெல்ல எழுந்து வந்தது. மகள் வீட்டுக்கு வந்து என் கல் உப்பு டப்பாவைக் காலி செய்தாள். அந்த வாரம் ரசத்தில் உப்பு இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன். கருத்தாளர் அடிக்கடி வருவதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. தொடங்கும்போதே 13,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு 710 பேர் என்றுதான் கணக்கு. வகுத்துப் பாருங்கள். அவர் வராத நாட்களில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் பள்ளியில் ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. பூதக்கண்ணாடி, தராசு, ஒரு மீட்டர் மரஸ்கேல், எலும்புக்கூடு படம் எல்லாம் ஒரு இரும்பு பீரோவில் இருந்தன. சாவி பெரிய டீச்சர் கைப்பையில். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவருக்கு. பயம் நியாயம்தான், ஆனால் பீரோவுக்குள் இருக்கிற தராசு எதையும் நிறுக்காது.

அதை எப்படித் திறந்தோம் என்றால், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக. இதைப் பற்றிப் பல பெற்றோருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் இந்தக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் புதிதாக அமைத்தார்கள், 2024-ல் மறுபடி அமைத்தபோது 24 பேர், முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். கை தூக்குங்கள் என்றார்கள், தூக்கினேன், உறுப்பினர் ஆகிவிட்டேன்.

முதல் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? ஏழு பேர் வந்தோம். தீர்மான நோட்டில் தீர்மானங்கள் முன்பே எழுதி இருந்தன. டீ, பிஸ்கட், கையெழுத்து, ஒரு போட்டோ, வீடு. அன்றைக்கு யாராவது என்னிடம் மதிப்பெண் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஒன்று, அதுவும் பிஸ்கட்டுக்கு.

அப்புறம் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. மழை விட்டது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. வகுப்பறையில் முழங்கால் அளவு. வடிந்த பிறகு சேறு அள்ளப் போனது நாங்கள்தான், அன்றைக்கு யாரும் கூட்டம் போட்டுக் கூப்பிடவில்லை. பீரோவின் கீழ்த்தட்டு நனைந்திருந்தது, திறக்காமல் வேறு வழியில்லை. சாமான்களைத் திண்ணையில் வெயிலில் பரப்பினோம். பிள்ளைகள் சுற்றி நின்று "இது நம்ம ஸ்கூலோடதா?" என்று கேட்டதைப் பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு சாவி அறிவியல் டீச்சர் மேசைக்கு வந்துவிட்டது.

சேறு அள்ளும்போது எங்கள் தெருக் கொத்தனார் அண்ணன், அவரும் குழுவில் இருக்கிறார், "தண்ணி ஏன் இங்க மட்டும் நாலு நாள் நிக்குது?" என்று கேட்டார். பொங்கல் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை டியூப் லெவலோடு வந்தார். கண்ணாடி மாதிரி நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். குழாயை எப்படி வளைத்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு முனையை கேட் வாசலிலும் இன்னொன்றை வராண்டாவிலும் பிடித்து, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரம் என்று அளந்து கழித்தார்கள். வராண்டா ரோட்டைவிடப் பதினோரு இஞ்சு பள்ளம். பள்ளி கட்டும்போது அப்படி இல்லையாம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் புது ரோடு போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் போட்ட அந்தப் படத்தை ஒட்டித்தான் அடுத்த தீர்மானம் எழுதினோம். கூட்டம் முடிந்த பிறகு, நாங்களே சொல்லி, நாங்களே எழுதியது. வடிகால் இன்னும் வரவில்லை. மனு போயிருக்கிறது.

அதிலிருந்து எங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து தன் தொழிலை வைத்துப் பாடம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த மாதம் என் முறை. கணக்கு டீச்சர் "உங்க டேப்பை எடுத்துட்டு வாங்க, அளவு பாடம்" என்றார். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியதே பெரிய விஷயம். கையெல்லாம் நடுங்கியது. ஒரு ஜாக்கெட்டுக்கு என்னென்ன அளவு எடுப்போம், ஒரு இஞ்சுக்கு 2.54 சென்டிமீட்டர், 36 இஞ்சு என்றால் 91 சென்டிமீட்டர் சொச்சம் என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் அளந்துகொண்டு ஒரே கூச்சல். பின் பெஞ்சில் ஒரு பெண், வாயே திறக்காதவள், என் டேப்பை பீரோவிலிருந்து வந்த மீட்டர் ஸ்கேல் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்க டேப்பு தப்பு" என்றாள்.

ஸ்கேல் நூறில் முடிகிற இடத்தில் என் டேப் தொண்ணூற்றெட்டரை காட்டியது. ஆறு வருடமாகக் கழுத்தில் போட்டு இழுத்து இழுத்து டேப் நீண்டுவிட்டது. எனக்கு முகம் எரிந்தது. ஊர் முழுக்க இதை வைத்துத்தானே அளக்கிறேன்! "அப்போ நீங்க தச்ச எல்லாம் தப்பா அக்கா?" என்று ஒரு பையன். டீச்சர் பதில் சொல்லவில்லை, "நீங்களே யோசிங்க" என்று விட்டுவிட்டார். பத்து நிமிடம் சண்டை. கடைசியில் என் மகள்தான், அவளுக்கே தெரியாமல் கத்தினாள்: "உடம்பை அளக்கறதும் இதே டேப்பு, துணி வெட்டறதும் இதே டேப்பு. அப்போ சரியாத்தானே வரும்!"

ஆமாம். இரண்டு பக்கமும் ஒரே தப்பு, அடிபட்டுப் போகிறது. கணக்கு டீச்சர் அதைப் பலகையில் விகிதமாக எழுதிக் காட்டினார். எனக்கோ அதற்குள் வேறொன்று தட்டிவிட்டது. பெங்களூரில் இருக்கிற ஒரு மருமகள் வாட்ஸாப்பில் அளவு எழுதி அனுப்புவாள். அவளுக்குத் தைத்தது எல்லாம் லூஸ், லூஸ் என்று மாமியார் வந்து சண்டை போடுவார். நான் அவளுக்கு அளக்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவள் சரியான டேப்பில் 36 என்று எழுதியிருப்பாள், நான் என் டேப்பில் 36 வெட்டினால் அரை இஞ்சு கூடித்தான் வரும். ஏழு வருடம் தையல் கற்றுத் தந்த என் குரு சொல்லாததை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை மரஸ்கேலை வைத்துச் சொல்லிவிட்டது.

இதற்கெல்லாம் மதிப்பெண் போடச் சொன்னால்: வானவில் மன்றம், வருகிற நாளுக்கு ஐந்துக்கு ஐந்து, வராத நாட்களைச் சேர்த்தால் மூன்று. எங்கள் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது, இதுவரை வந்த எட்டு பேரில் பெண் நான் ஒருத்திதான் என்பதற்காக. வலை பின்னுகிறவர்கள், கருவாடு காய வைக்கிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் எல்லாம் "எனக்கு என்ன தெரியும்" என்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்த பக்கத்துத் தெருப் பெண் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்மார்ட் போர்டைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்கலாம். இருக்கிறது. படம் தெரிகிறது.

இங்கே சேர்க்க யோசிக்கிறவர்களுக்கு ஒன்று: இது எட்டோடு முடிகிற பள்ளி. வானவில் மன்றமும் எட்டோடு முடிகிறது. ஒன்பதுக்கு மகளை டவுனுக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கே பீரோ சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன். சின்னவன் இங்கே இன்னும் நாலு வருடம் இருப்பான், நானும் இருப்பேன். கூட்டத்தை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்கு மாற்றிவிட்டோம், போன தடவை பதினெட்டு பேர்.

புது டேப் இருபது ரூபாய். பழையது ஆறாம் வகுப்புச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, பக்கத்திலேயே மரஸ்கேல். பெங்களூர் மருமகளின் நாலு ஜாக்கெட்டையும் பிரித்துக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். மாமியாரிடம் காரணம் சொல்லவில்லை.