டைபீரியஸ் காசுக்குப் பணம் கட்டினேன், வந்தது வார்ப்புக் காசு

ரோமானிய வெள்ளிக் காசு வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். எனக்குப் போனது 320 பவுண்ட்.

நான் கரூர்க்காரன், இப்போது இருப்பது லண்டனில். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைத்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவன். எங்கள் பக்கம் கிடைத்த தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களுடையவைதான். கி.பி. 64 வாக்கில், பின்னால் வந்த பேரரசர் நீரோ தினாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட்டார். அதற்கு முந்தைய காசுதான் நல்ல வெள்ளி. அதில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று பல வருட ஆசை. முன்பக்கம் டைபீரியஸ் தலை, பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த பெண், சுற்றிலும் ‘பாண்டிஃப் மாக்ஸிம்’ (தலைமைப் பூசாரி) என்ற எழுத்து. சேகரிப்பவர்களுக்குப் பார்த்ததும் தெரியும்.

விற்றவர் பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர். முதலில் சோதனைக்காக அவரிடம் கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசு ஐந்து வாங்கினேன், இரண்டு சிப்பாய்கள் நடுவில் கொடியோடு நிற்கும் வகை. 9 நாளில் வந்தன. அசல் காசுகள், இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவை தூண்டில் புழு என்று அப்போது தோன்றவில்லை.

டைபீரியஸுக்கு விலை 355 பவுண்ட் போட்டிருந்தார். “நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் பத்து சதவீதம் குறைக்கிறேன், பிடிக்காவிட்டால் 30 நாளில் திருப்பலாம்” என்று தனியாக எழுதினார். அனுப்பினேன். இங்கேதான் என் முட்டாள்தனம். இந்த நாட்டில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு கொடுத்த நிறுவனத்தையே பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 35 பவுண்ட் மிச்சம் பிடிக்கப் போய் அதை நானே கைவிட்டேன்.

இரண்டாம் நாளே ட்ராக்கிங் எண் வந்துவிட்டது. அதைத் தட்டிப் பார்த்தால், “விவரம் பதிவாகியுள்ளது, பார்சல் இன்னும் எங்களிடம் வரவில்லை.” ஒரு வாரம் அதே வரி. இரண்டு வாரம் அதே வரி. கேட்டால் ஒருநாள் பண்டிகை விடுமுறை, ஒருநாள் கஸ்டம்ஸ் நெரிசல், ஒருநாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கடைசியில் நான்தான் அவருக்கு ஆறுதல் எழுதினேன். பழங்காசு வாங்குகிறவர்களுக்குத் தபாலுக்குக் காத்திருப்பது பழகிப்போன விஷயம். இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்த காசு, இன்னும் இரண்டு வாரம் ஆனால் என்ன என்று இருந்துவிடுவோம். அந்தப் பொறுமையை வைத்துத்தான் அவர் விளையாடினார்.

41-ஆம் நாள் கதவிடுக்கில் உறை விழுந்தது. மேலே ஒட்டியிருந்த கஸ்டம்ஸ் சீட்டில் “உலோகப் பொத்தான், பரிசு, மதிப்பு 8 பவுண்ட்.” என் மனைவி அதைப் படித்துவிட்டு, “ஏங்க, பட்டன் வாங்கவா இத்தனை நாள் வாசலையே பாத்துட்டிருந்தீங்க?” என்றாள். சிரித்தேன். வரியை மிச்சப்படுத்த அப்படி எழுதியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வழியில் தொலைந்திருந்தால் 8 பவுண்டுக்கு மேல் கேட்டிருக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. இத்தனைக்கும் சேகரிப்புப் பொருள் என்று ஒழுங்காக எழுதினால் இங்கே இறக்குமதி வாட் வரி 5 சதவீதம்தான்.

காசைத் தராசில் வைத்தேன். 2.90 கிராம். டைபீரியஸ் தினாரியஸ் தேய்ந்திருந்தாலும் பொதுவாக மூன்றரைக்கு மேல் நிற்கும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தேன், எட்டரைதான் வந்தது. நல்ல வெள்ளிக்குப் பத்தைத் தாண்ட வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளுக்கு இடையில் ஊசி முனை அளவில் குட்டிக் குட்டிக் குழிகள், உருக்கி ஊற்றும்போது காற்றுக்குமிழி விட்டுப்போன அடையாளம். அசல் தினாரியஸ் அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தது, உருக்கி ஊற்றி வார்த்தது என்றால் போலி. எழுத்து ஓரங்கள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன.

அவருக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில். அதுவரை அப்படி ஒரு வேகத்தை அவரிடம் பார்த்ததில்லை. இது அந்தக் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளி போர்த்திச் செய்த காசு, அதனால்தான் எடை குறைவு, இது இன்னும் அபூர்வம் என்றார். அப்படிப்பட்ட காசுகள் இருந்தது உண்மைதான், அதனால் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். ஆனால் அவையும் அச்சில் அடித்தவைதான், அச்சில் அடித்த காசில் ஏது காற்றுக்குமிழி?

சந்தேகம் தீர, காசுக் கண்காட்சி ஒன்றில் ஒரு பழைய வியாபாரியிடம் நீட்டினேன். அவர் டைபீரியஸ் முகத்தைப் பார்க்கவே இல்லை. காசைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினார். அரம் போட்டுத் தேய்த்த கோடு சுற்றிலும் ஓடியது. வார்க்கும்போது வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் வரும் பிசிறை மறைக்க அப்படித் தேய்ப்பார்களாம். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியதற்கு, “30 நாள் முடிந்துவிட்டதே” என்றார். அந்த 30 நாள், பார்சலுக்கு லேபிள் போட்டு ட்ராக்கிங் எண் எடுத்த தேதியிலிருந்தாம். காசு இங்கே வருவதற்கு முன்பே கெடு தீர்ந்திருந்தது. இரண்டாம் நாளே லேபிள் ஏன் வந்தது, பார்சல் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வங்கியில் கேட்டேன். 2024 அக்டோபரில் வந்த, ஏமாந்தவருக்குப் பணம் திருப்பித் தரும் கட்டாய விதி உள்நாட்டுக் கணக்குகளுக்குத்தான், வெளிநாட்டுக்குப் போன பணத்துக்குப் பொருந்தாது என்றார்கள்.

போன வாரம் அதே காசு வேறு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே 355 பவுண்ட். ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகளில் உருவம் ஒன்றுபோல இருக்கலாம், ஆனால் அடிக்கும்போது விளிம்பில் விழும் விரிசல் ஒன்றுபோல இருக்காது. அந்த விற்பனைப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: தலைப் பக்கத்தில், கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வெடிப்பு, அதை ஒட்டிப் புள்ளியாக ஒரு பள்ளம். அதன் அச்சு அசல் நகல் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.