டிரம்மா, டிஸ்க்கா? பழைய காரின் பிரேக்கில் கை வைப்பதற்கு முன்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் பிரேக்கில் வந்து நிற்கும். "இந்த டிரம்மை நம்பி ஹைவேயில் எப்படிப் போறீங்க, டிஸ்க் மாத்திடுங்க" என்பார் ஒருவர். "கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டால் அப்புறம் அது என்ன பழைய வண்டி" என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் உருளை; லைனிங் என்ற உராய்வுப் பட்டை ஒட்டிய ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அதை அழுத்தும். டிஸ்க் என்பது சுற்றும் தட்டு; கேலிப்பர் என்ற கவ்வி இரண்டு பக்கமும் பேட் வைத்து அதைப் பிடிக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ஓட்டவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று போய்வரவும் ஒழுங்காகச் சீர்செய்த டிரம்மே போதும். மலைக்குப் போகிறவர்கள், ஆட்களும் சாமான்களுமாக நெடுந்தூரம் போகிறவர்கள் முன்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் போடலாம். ஆனால் இரண்டு தரப்பும் அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிக்கொண்டு நேராக டிஸ்க் கிட் வாங்கப் போய்விடுகிறார்கள்.

நான் பேசுவது அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மோரிஸ் மைனர், பீட்டில் போன்ற ஹைட்ராலிக் பிரேக் (பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது) உள்ள வண்டிகளைப் பற்றி. ராடும் கேபிளும் இழுத்துப் பிடிக்கும் அதற்கு முந்தைய தலைமுறையை இதில் சேர்க்கவில்லை. ஃபோர்டு கம்பெனியே 1939-ல்தான் ஹைட்ராலிக்குக்கு மாறியது. அந்தக் கால வண்டியில் டிஸ்க் போட நினைக்கவே வேண்டாம். அதை அதன் வேகத்தில் ஓட்டினால் போதும்.

டிஸ்க் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள டிரம், பெடலை ஓங்கி மிதித்தால் சக்கரத்தைச் சுற்ற விடாமல் லாக் ஆக்கிவிடும். சக்கரம் லாக் ஆகிற அளவுக்கு ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், அந்த ஒரு தடவைக்கு டிஸ்க்கால் கூடுதலாக எதுவும் செய்ய முடியாது. அதற்கு மேல் எல்லாம் டயரின் பிடிப்புதான். பத்து வருடம் ஆகி இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு டிஸ்க்குக்குச் செலவழிப்பவர், அந்தப் பணத்தில் முதலில் நான்கு புது டயர் போட்டால் நிற்கும் தூரம் நிஜமாகவே குறையும்.

வித்தியாசம் தெரிவது முதல் தடவை அல்ல, திரும்பத் திரும்ப மிதிக்கும்போது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்விட்டு நான்கு பேரோடு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி விரிகிறது. விரிந்தால் ஷூவைவிட்டு விலகுகிறது, ஷூ அதைத் தொட இன்னும் கொஞ்ச தூரம் நகர வேண்டியிருக்கிறது, பெடல் கீழே போகிறது. கூடவே லைனிங்கும் சூடேறி உராய்வை இழக்கிறது. பாதி மலை இறங்குவதற்குள் கருகிய வாடை வரும்; காலுக்குப் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் பிடிக்காது. கீழே வந்து அரை மணி நேரம் நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான், ஆறிப்போன டிரம்மில் குறை தெரியாது.

டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுகிறது. இரண்டு பக்கமும் காற்று படுகிறது. சூட்டில் அது விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும், விலகிப் போகாது. இதைப் பந்தயக்காரர்கள் முதலில் புரிந்துகொண்டார்கள். 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. மற்றவர்கள் வளைவுக்கு வெகுமுன்பே பிரேக் பிடித்தபோது, ஜாகுவார் ஓட்டுநர்களால் இன்னும் உள்ளே போய்ப் பிடிக்க முடிந்தது. 24 மணி நேரமும் அப்படிப் பிடிக்க முடிந்தது என்பதுதான் முக்கியம். அதே கம்பெனியின் எக்ஸ்கே 120, 140 இரண்டும் டிரம்மோடு வந்தவை. 1957-ல் வந்த எக்ஸ்கே 150-க்கு நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் கிடைத்தது.

மழையில் டிஸ்க்குக்குத்தான் என் ஓட்டு. தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய டிரம்முக்குள் தண்ணீர் தங்கிவிடும். கொஞ்ச தூரம் லேசாகப் பெடலை மிதித்துக்கொண்டே ஓட்டிக் காயவைத்தால்தான் பிடிக்கும். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் காயாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கில் பேடே தண்ணீரை வழித்துவிடும்.

ஆனால் டிரம்முக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு, டிஸ்க்குக்கு அது கிடையாது. சுற்றும் டிரம் முன்னோக்கிய ஷூவைத் தன்னோடு இழுத்து, தானே இன்னும் அழுத்திக்கொள்ளும். உங்கள் கால் கொடுக்கும் விசையை அது பெருக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் கால் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டர் இல்லாமலேயே அவ்வளவு கனமான கார்களை அந்தக் காலத்தில் நிறுத்த முடிந்தது. முன்சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டை வைத்து, இரண்டு ஷூவையும் இப்படி இழுபட வைத்த வண்டிகள் உண்டு. அவற்றில் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும்: ரிவர்ஸில் இந்த உதவி அப்படியே எதிராகத் திரும்பிவிடும். ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் உருளத் தொடங்கினால் முன்பிரேக் வழக்கத்தைவிட மிகவும் குறைவாகத்தான் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கில் கை இருக்கட்டும்.

சரி, எல்லோரும் தாண்டிப் போகும் அந்த முதல் வேலைக்கு வருவோம். "டிரம் பிடிக்கவில்லை" என்று டிஸ்க்குக்கு மாற நினைப்பவர்களின் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலும் பழி டிரம்மின் மேல் இருக்காது. வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் ஆயில் ஊறியிருக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உப்பிப் பாதை அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே சுற்றும்.

இன்னொன்று, ஷூவும் டிரம்மும் பொருந்துகிறதா என்பது. தேய்ந்த டிரம்மை லேத்தில் கடைந்தால் அதன் விட்டம் கூடிவிடும். புது லைனிங் பழைய அளவு வளைவில் இருக்கும். மாட்டினால் நடுவில் மட்டும் ஒட்டும், இரு முனையும் தொடாது. கண்டுபிடிப்பது எளிது. டிரம்மின் உட்புறம் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, மாட்டி, லேசாகப் பிரேக் வைத்து ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். லைனிங்கில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பிரேக் பிடிக்கிறது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை இருந்தால், உங்களிடம் இருப்பது கால்வாசி பிரேக். லைனிங்கை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துக் கொடுக்கும் ஆளைத் தேடிப் பிடியுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிரேக் ஆயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். டாட் 3-க்கு இதே அளவுகள் 205, 140. மலையிறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் சொத்தென்று தரையில் போய் உட்காரும். இதில் டிஸ்க்குக்கும் சலுகை இல்லை. பேடின் சூடு பிஸ்டன் வழியாக நேரே ஆயிலுக்குத்தான் போகிறது. ஷோவுக்கு மட்டும் வெளியே வரும் வண்டியானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இந்தப் பட்டியலில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஒரே சர்க்யூட்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழியில் ஆயில் போகும். எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கும் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். அமெரிக்காவில் 1968-லிருந்து புதுக் கார்களுக்கு இரட்டை சர்க்யூட்டைக் கட்டாயமாக்கினார்கள். அவ்வளவு அடிப்படையான விஷயம் இது. முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுவது டிரம்மை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது, வெளியே கண்ணுக்கும் தெரியாது. ஒற்றை சர்க்யூட்டில் விலை உயர்ந்த டிஸ்க் மாட்டிய வண்டியைவிட, இரட்டை சர்க்யூட்டில் நல்ல டிரம் உள்ள வண்டியில் என் வீட்டாரைத் தைரியமாக ஏற்றி அனுப்புவேன்.

இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் ஓட்டத்துக்குப் போதவில்லை என்றால், அப்போது டிஸ்க். கேலிப்பரையும் டிஸ்க் தட்டையும் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். டிஸ்க்குக்குத் தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும் குணம் இல்லை என்பதால் பெடல் கல் மாதிரி இருக்கும், பூஸ்டர் தேவைப்படலாம். பெட்ரோல் வண்டியென்றால் இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வேக்குவம் எடுக்கலாம். டீசலில் அந்த வேக்குவத்தை நம்ப முடியாது, தனியாக வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும். கேலிப்பர் பிஸ்டன் பெரிது, ஆயில் அதிகம் குடிக்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அளவு போதாமல் பெடல் ஆழமாகப் போகலாம். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை, சுமார் 10 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு), எப்போதும் பிடித்து வைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க்குக்கு இணைத்தால் பேட் விடவே விடாது. ஐந்து கிலோமீட்டரில் சக்கரம் தொட முடியாத சூட்டுக்குப் போய்விடும். மோரிஸ் மைனர் போல மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே உள்ள வண்டிகளில் ஆயில் கேலிப்பரிலிருந்து பின்வாங்காமல் இருக்க 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று வேண்டும்.

பிறகு முன்பின் சமநிலை. முன்னால் என்ன போட்டாலும் சரி, பின்சக்கரம் முதலில் லாக் ஆகக் கூடாது. அப்படி லாக் ஆகிவிட்டால் வண்டி சுழன்றுவிடும். ஆளில்லாத இடத்தில், ஈரமான தரையில், குறைந்த வேகத்தில் மிதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட வேண்டும். ரிம்முக்குள் கேலிப்பர் உரசாமல் இடம் இருக்கிறதா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை எங்கோ ஒரு பட்டறையில் தகடு வெட்டி வெல்டு வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்தச் சக்கரத்தின் நிறுத்தும் விசை முழுவதும் அந்தத் துண்டு வழியாகத்தான் ஸ்டப் ஆக்சிலுக்கு (முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சு) போகிறது.

இந்தத் தொல்லைகளில் பாதியைத் தவிர்க்க ஒரு வழி, வண்டியின் உறவுக்காரனிடமிருந்தே டிஸ்க்கை எடுப்பது. எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1955-ல் டிரம்மோடு வந்தது. 1959-ல் அதன் 1600 மாடலுக்குக் கம்பெனியே முன்டிஸ்க் கொடுத்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் தாய் மாடல் டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் 12/50 வகைக்கும், அதே அடித்தளத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயருக்கும் முன்டிஸ்க் உண்டு. பிற்கால அம்பாசடர்களிலும் முன்டிஸ்க் வந்துவிட்டது. எடையும் ஜாமெட்ரியும் ஒத்துப்போகிற வண்டிக்காகக் கம்பெனி பொறியாளர்கள் கணக்குப் போட்டு வைத்த பாகம் இது. பத்மினிக்கு வருவோம். வேறு கார் பாகத்தை ஒட்ட வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், நான் பத்மினிக்கு டிரம்மையே பரிந்துரைப்பேன். இலகுவான வண்டி, அந்த வேகத்துக்கு அது போதும்.

பின்சக்கரத்துக்கும் டிஸ்க் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கத்துக்கு வேலை குறைவு. ஹேண்ட் பிரேக்குக்கும் டிரம்தான் எளிது.

காகித விஷயம் ஒன்று பாக்கி. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது. ஆக அந்தப் பதிவை நினைப்பவருக்கு டிஸ்க்கின் தேவையே குறைந்துபோகிறது. உலக அளவில் பழைய வண்டிகளுக்கான ஃபிவா அமைப்பும் 30 வயதுக்கு மேற்பட்ட, வரலாற்றுப்படி சரியான நிலையில் பேணப்பட்ட வண்டியைத்தான் ஹிஸ்டாரிக் என்று ஏற்கிறது. போட்டிக்கு நிறுத்தும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.

டிஸ்க் போட்டே தீருவது என்று முடிவானால், எதையும் வெட்டாமல், துளை போடாமல், திரும்ப டிரம்முக்கு மாற்றக்கூடிய விதத்தில் போடச் சொல்லுங்கள். கழற்றிய டிரம், ஷூ, ஸ்பிரிங், பேக் பிளேட் எல்லாவற்றையும் துடைத்து, இரும்புப் பரப்பில் கிரீஸ் தடவி, இடது வலது என்று சீட்டு எழுதிக் கட்டி, ஈரம் படாத இடத்தில் ஒரே பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும் நாள் வந்தால் அந்தப் பெட்டியும் வண்டியோடு போகட்டும்.