எழுபது ரூபாயும் அப்பாவின் மோதிர விரலும்

அப்பாவுக்கு வயது 84. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வூதியம் தடையில்லாமல் வர ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இந்த முறை இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்தோம்.

போன ஆண்டு ஒரு வங்கிக் கிளையில் பட்டதைச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். அரமும் இரும்பும் பிடித்தே தேய்ந்த விரல்கள், ரேகை பதியவில்லை. "தாத்தா, அழுத்தி வையுங்கள் என்றால் புரியாதா?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஊழியர் கத்தினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்கள் பேசாதீர்கள், கூட வந்தது யார்?" என்றார் அவர். வீடு திரும்பும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தபால்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆதார் எண், பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணை எண்), கணக்கு எண் எல்லாவற்றையும் என்னிடம் கேட்காமல் அப்பாவிடமே கேட்டார். பி.பி.ஓ. எண்ணை அப்பா காகிதம் பாராமல் ஒப்பித்தார். இங்கேயும் வலது கட்டைவிரல் பதியவில்லை, ஆள்காட்டி விரலும் பதியவில்லை. "பதியாவிட்டால் முகத்தைப் படம் பிடித்தே முடித்துவிடலாம், கவலை வேண்டாம். வேறு எந்த விரலை வைக்கலாம் ஐயா?" என்றார்.

"இடது மோதிர விரலைப் பாருங்கள் தம்பி. அரம் பிடிப்பதில் அதற்குத்தான் வேலை குறைவு."

ஈரத்துணியால் துடைத்து வைத்தார். உடனே பதிந்தது. போன ஆண்டு அப்பா சொல்ல வாயெடுத்தது இதைத்தான்!

வயதானவர் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை விஷயத்தில் அப்பாவோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். ஆனால் தன் விரலைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? 80 முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூட்டித் தருகிறார்கள், 85 முடிந்தால் 30. ஆனால் அன்று அந்தக் கிளையில் அவருக்கு வேண்டியிருந்தது பணமல்ல, அரை நிமிடம் காது கொடுக்கும் ஓர் ஆள்.

கட்டணம் 70 ரூபாய். சான்றிதழின் அடையாள எண்ணான பிரமாண் எண் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. சான்றிதழின் பிரதியை மத்திய அரசின் ஜீவன் பிரமாண் இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்திருங்கள், ஓ.டி.பி. கேட்கும்.

கிளம்பும்போது அப்பா வாசல்வரை போனார். "அடுத்த தெருவில் என்னோடு கொல்லுப்பட்டறையில் இருந்தவர் இருக்கிறார். அவருக்குப் பத்து விரலும் பதியாது. முகத்தைப் படம் பிடித்துவிடுங்கள் தம்பி." தபால்காரர் வீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.