கார்பரேட்டர் மாருதி 800: மைலேஜுக்காக எதில் காசு போடலாம்?

பழைய கார்பரேட்டர் மாருதி 800-ல் மைலேஜ் விழுந்துவிட்டது என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு யோசனை வரும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரைப் பிரித்துச் சரிசெய், அதில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாகப் போடு, எல்பிஜி கேஸ் கிட் மாட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ இன்ஜினையே இறக்கு.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். மாதம் 400 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கொடுத்தால் 33 லிட்டர் குடிக்கும். அதை 15-க்கு ஏற்றினால் 27 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 670 ரூபாய் போல மிச்சம். எந்த வேலைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை இந்த 670 ரூபாய்தான் தீர்மானிக்கிறது.

எனக்குப் பிடித்தது முதல் யோசனை. மறைமலைநகர் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து கார்பரேட்டர் செய்த காலத்து வண்டி இது. அடிப்படை அமைப்பு எளிமையானதுதான். வயதாகும்போது சின்னச் சின்ன இடங்களில் கோளாறு வரும். ஃப்ளோட் என்ற மிதவை திறந்து மூடும் ஊசி வால்வு தேய்ந்தால் பெட்ரோல் மட்டம் ஏறி, எல்லா வேகத்திலும் கலவையில் பெட்ரோல் கூடிக் கெட்டியாகிவிடும். குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு முழுசாகத் திறக்காமல் கொஞ்சம் சாய்ந்து நின்றாலே மைலேஜ் படுத்துவிடும். பலரும் கவனிக்காத இடம் இதுதான். த்ராட்டில் தண்டு தேய்ந்தாலோ, அடி கேஸ்கட் வெடித்தாலோ கணக்கில் வராத காற்று உள்ளே புகும். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஐடிலிங் சீராக இருக்காது. அதைச் சமாளிக்க ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை ஏற்றி வைப்பார்கள், பெட்ரோல் அங்கே போகும். ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டு, ஃப்ளோட் மட்டத்தை அளந்து வைத்து, ஏர் ஃபில்டரையும் மாற்றினால் பாதி நோய் போய்விடும். எம்பிஎஃப்ஐ போன்ற இன்ஜெக்ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் வருகிற காற்றைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். கார்பரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது.

கையோடு இக்னிஷன் டைமிங், பிளக் இடைவெளி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றும்போது சக்கரம் தாராளமாகச் சுற்றவில்லை என்றால் கார்பரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சின்ன ஜெட் போடுவது மலிவு, அதனாலேயே ஆசை காட்டும். ஆனால் இன்றைய பெட்ரோலுக்கு அது பொருந்தாது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டை மாற்றாமல் விட்டாலே கலவை முன்பைவிட மெலிந்துதான் இருக்கிறது. அதற்கு மேலும் ஜெட்டைக் குறைத்தால் பிக்கப் செத்துவிடும், நீங்கள் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிப்பீர்கள், எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் கருகும். எத்தனாலுக்குச் சக்தியும் குறைவு என்பதால் மைலேஜில் ஒரு பகுதி பெட்ரோலோடே போய்விட்டது. எந்த டியூனிங்கும் அதைத் திருப்பித் தராது.

கேஸ் கிட் விஷயம் வேறு. ஒரு லிட்டர் எல்பிஜியில் பெட்ரோலைவிடக் கால்வாசி போலச் சக்தி குறைவு, ஆகவே லிட்டருக்குக் கிலோமீட்டர் குறையத்தான் செய்யும். லாபம் வந்தால் விலை வித்தியாசத்தில்தான் வரும். தினமும் நீண்ட தூரம் ஓடி, வழியிலேயே கேஸ் பங்க் இருந்தால் கிட் போட்ட காசு திரும்பும். மாதம் 400 கிலோமீட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஆர்சியில் பதிவு, இன்ஷூரன்ஸில் சேர்ப்பு, 5 வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை என்று வேலைகள் உண்டு. ஏற்கெனவே சின்ன டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை. கேஸிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் கார்பரேட்டர் காய்ந்து உள்ளே பிசின் படியும். வீட்டுச் சிலிண்டரை வைத்து ஓட்டும் யோசனையைச் சொல்பவரிடம் பேச்சையே வளர்க்காதீர்கள், சட்டவிரோதம், ஆபத்து.

எம்பிஎஃப்ஐ மாற்றம் தொழில்நுட்பத்தில் நாலிலும் சிறந்தது. ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்துக் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆனால் இன்ஜின் மட்டும் வாங்கினால் போதாது: வயரிங், இசியு என்ற கம்ப்யூட்டர், டேங்குக்குள் மின்சார பம்ப் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும், ஆர்டிஓ அனுமதியும் வேண்டும். அந்தச் செலவில் ஓடுகிற எம்பிஎஃப்ஐ 800 ஒன்றையே வாங்கிவிடலாம்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ இப்படிப்பட்ட சாதனங்களை நூற்றுக்கும் மேல் ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் ஏதாவது பலன் தெரிந்தது, அதுவும் அற்பம்.

எதைச் செய்தாலும் அதே பங்கில் அதே அளவுக்கு டேங்க்கை நிரப்பி, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பெட்ரோல் முள்ளை நம்ப வேண்டாம். ரப்பர் குழாய்கள் பழசாக இருந்தால் கார்பரேட்டர் வேலையோடே எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடச் சொல்லுங்கள்.