மைஹாமாவில் இறங்கியதும் புது மோனோரயிலா, நடையா?

டோக்கியோ டிஸ்னிக்குப் போகிறவர்கள் ஜே.ஆர். கெய்யோ ரயிலில் வந்து மைஹாமாவில் இறங்கியதும் குழம்புவது இதில்தான்: பக்கத்திலேயே இருக்கும் மோனோரயிலில் ஏறுவதா, பேசாமல் நடந்துவிடுவதா. நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம். என் ஓட்டு மோனோரயிலுக்குத்தான், ஆனால் எல்லா நேரமும் இல்லை.

நடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செலவு கிடையாது, டிஸ்னிலேண்ட் வாசல் சில நிமிஷத்தில் வந்துவிடும். அங்கேயே இருக்கும் இன்னொரு பூங்காவான டிஸ்னிசீ என்றால் கால் மணி நேரம் ஆகலாம்.

மோனோரயிலுக்குப் பூங்கா டிக்கெட் செல்லாது. முறையான ரயில் சேவை என்பதால் தனிக் கட்டணம் (கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் இந்த வம்பு இல்லை). 2001 முதல் ஓடிய டைப் எக்ஸ் வண்டிகளுக்குப் பதிலாக 2020 ஜூலையிலிருந்து டைப் சி வரத் தொடங்கியது. ஆறு பெட்டிகள். ஜன்னலும் மிக்கி தலை, நின்றுகொண்டு பிடிக்கும் கைப்பிடி வளையமும் மிக்கி தலை, இரண்டு காதோடு. பெரியவர்களே அதைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள், குழந்தைகளைக் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் சரி, முடிவு செய்ய வேண்டிய விஷயம் வேறு: வண்டி ஒரே திசையில்தான் சுற்றும். சுமார் 5 கிலோமீட்டர் வட்டம். மைஹாமா பக்கத்து கேட்வே நிலையத்தில் கிளம்பி டிஸ்னிலேண்ட், பேசைடு, டிஸ்னிசீ, மறுபடி கேட்வே. எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். ஆக, காலையில் டிஸ்னிலேண்டுக்கு ஏறினால் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட வேண்டும், அந்தக் காசு தண்டம். அங்கிருந்து திரும்புவதற்கு ஏறினாலோ மீதி வட்டம் முழுக்கச் சுற்ற வேண்டும், அதற்குள் நடந்தே நிலையத்துக்கு வந்திருக்கலாம். டிஸ்னிசீ அப்படியே தலைகீழ். போகும்போது முக்கால்வாசி வட்டத்தையும் உட்கார்ந்தபடி பார்த்துவிடலாம், ராத்திரி கால் கெஞ்சும் நேரத்தில் திரும்பும்போது அடுத்த நிலையமே கேட்வே. அதனால் டிஸ்னிலேண்டுக்கு நடை, டிஸ்னிசீக்கு மோனோரயில்.

எங்களோடு வந்தவர்கள் எல்லாம் நன்றாக நடக்கக்கூடியவர்கள், கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். பேசைடு பக்கத்து ஓட்டலில் தங்குகிறவர்கள் நாள்முழுக்கச் செல்லும் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் சூயிகா அட்டையை (முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ரயில் அட்டை) தட்டிவிட்டே உள்ளே போகலாம், டிக்கெட் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டாம்.