படிக்கட்டு லைட்டுக்கு எதற்கு லாகின்?

"வீடு முழுக்க ஸ்மார்ட் ஸ்விட்ச் போடலாம்னு இருக்கேன், நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே, எப்படிடா இருக்கு?" என்று நண்பன் கேட்டிருந்தான். கேட்ட நேரம் சரியில்லை. அந்த வாரம்தான் ஆப் தானாகவே அப்டேட் ஆகி, என்னை வெளியே தள்ளிவிட்டு, பாஸ்வேர்டு கொடு, ஓடிபி கொடு, புது விதிமுறைக்கெல்லாம் சம்மதம் சொல் என்று வரிசையாகக் கேட்டது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, படிக்கும்போது அதையும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆம்பியர் தாங்கும், எந்த வாய்ஸ் அசிஸ்டென்டோடு சேரும் என்பதெல்லாம் பெட்டி மேலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை. என்னிடம் இருப்பவை சுவர் ஸ்விட்சுக்குப் பின்னால் உட்கார்ந்து, உத்தரவு வந்தால் லைட்டைப் போட்டு அணைக்கும் சின்ன ரிலே மாட்யூல்கள், மின்சாரம் அளக்கும் பிளக்குகள், தண்ணீர் கசிந்தால் கத்தும் ஒரு சென்சார், எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் பேட்டரி பட்டன்கள், இத்தனையையும் கட்டி மேய்க்க ஒரு ஹப். பொருளாக இவற்றைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு ரிலேகூட ஆன் ஆனபடியே சிக்கிக்கொள்ளவில்லை, பட்டன்களுக்கு பேட்டரி மாற்றிய ஞாபகமே அரிதாகத்தான் இருக்கிறது. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும் என்பதால் முதல் நாள் செட்டப்பில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அது ஒருநாள் கூத்து.

என் தகராறு முழுவதும் படிக்கட்டு லைட்டோடுதான். மேலே சுவர் ஸ்விட்ச் இருக்கிறது, கீழே வயர் இழுக்க வழியில்லை, அதனால் கீழே பேட்டரி பட்டன் ஒட்டினேன். இந்தப் பொருளை விற்பவர்கள் முதலில் காட்டும் உபயோகமே இதுதான். கீழே பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது தெரியுமா? செய்தி ஹப்புக்குப் போகிறது, அங்கிருந்து ரௌட்டருக்கு, ரௌட்டரிலிருந்து எந்த நாட்டிலோ இருக்கும் கம்பெனி சர்வருக்கு. 'இந்தப் பட்டன் அழுத்தினால் அந்த லைட்' என்கிற ஒற்றை வரி விதி அங்கேதான் குடியிருக்கிறது. சர்வர் அதைப் பார்த்து, சரி என்று தலையாட்டி, வந்த வழியே உத்தரவு திரும்பி வந்து ரிலேயைத் தட்ட வேண்டும். பட்டனுக்கும் லைட்டுக்கும் நடுவில் இருப்பது பதினைந்து படிக்கட்டு.

நல்ல நாளில் இது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். மோசமான நாளில் இரண்டு மூன்று விநாடி இழுக்கும், அந்த இடைவெளியில் மனிதனாகப் பிறந்தவன் என்ன செய்வான், இன்னொரு தடவை அழுத்துவான். முதல் அழுத்தலுக்கு எரிந்து, இரண்டாவதுக்கு உடனே அணைந்து, படியேறுபவரை நடுவழியில் இருட்டில் நிறுத்திவிடும். நெட் போன நாளில் அந்த வேடிக்கையும் கிடையாது, பட்டன் வெறும் பிளாஸ்டிக். "லைட் போடக்கூட நெட் வேணுமாடா?" என்று அம்மா கேட்டார்கள். நானும் அதே கேள்வியை வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டேன், இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லிப் பதில் வந்தது.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் இருக்கும்போது ஃபோனிலிருந்து வீட்டு லைட்டை அணைக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு சர்வர் இருப்பது வசதிதான். ஃபோனும் கருவியும் இரண்டுமே வெளியே போய் அந்தச் சர்வரைத் தொடுகின்றன, ரௌட்டரில் போர்ட் திறந்து, வெளியிலிருந்து உள்ளே வர வழிவிடும் ஆபத்தான வேலையெல்லாம் நமக்குத் தேவையில்லை. அது சரி. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பட்டனுக்கும் லைட்டுக்கும் அந்தப் பயணம் எதற்கு? இந்த மாதிரிக் கருவிகளில் பரவலாக இருக்கும் ஈஎஸ்பி32 சிப் 2016இல் வந்தது, 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஒரு வரி விதியை ஞாபகம் வைக்க முடியாதா? முடியும். வைக்க விடவில்லை. சர்வரில் இருந்தால்தான் நாம் ஆப்பைத் திறப்போம், கணக்கு வைத்திருப்போம், நாளைக்கு மாதச் சந்தா என்று ஒன்று முளைத்தால் அதற்கும் ஆள் தயாராக இருப்போம் என்பதுதான் என் சந்தேகம்.

இது எனக்கு மட்டும் வந்த வயிற்றெரிச்சலும் இல்லை. ரிவால்வ் என்ற ஹப்பை வாங்கியவர்களுக்கு 2016 மே மாதம் சர்வர் மூடப்பட்டது, கையில் இருந்த பெட்டி செத்துப்போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் கிளவுட் ஒரு பகுதியில் தடுமாறியதில், சில வீடுகளில் தரை பெருக்கும் ரோபோவும் வாசல் கேமராவும் ஆப் சொல் கேட்காமல் போயின. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் 184 இணையக் கருவிகளைப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 89 சதவீதப் பொருள்களின் இணையதளத்தில் எத்தனை வருஷம் அப்டேட் தருவோம் என்ற தகவலே இல்லை. பால் பாக்கெட்டில் கூட தேதி இருக்கிறது.

இத்தனை திட்டிவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாவிட்டால் பாவம். நான் வேலை பார்ப்பது இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மெயின்டனன்ஸ் பிரிவில். அங்கேயும் இதே ஜாதிக் கருவிகள்தான் வந்திருக்கின்றன, சென்சார், அது சொல்வதை நெட்வொர்க்குக்குக் கடத்தும் கேட்வே, எல்லாவற்றையும் திரையில் காட்டும் டாஷ்போர்டு. வந்தபோது நானே நம்பவில்லை. எங்கள் மூத்த ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை மோட்டாரிலும் இன்னொரு முனையைக் காதிலும் வைத்து பேரிங் நிலவரம் சொல்லிவிடுவார், அவருக்குமேல் ஒரு டப்பாவா என்று இருந்தது.

ப்ளோயர் மோட்டாரில் ஒட்டிய அதிர்வு சென்சார்தான் என் எண்ணத்தை மாற்றியது. அந்த அளவு மோட்டார், கெட்டியான அடித்தளம் என்றால், அதிர்வு வேகம் விநாடிக்கு 2.8 மி.மீ. வரை நீண்ட நாள் ஓட்டலாம், 4.5ஐத் தாண்டினால் சேதம் வரும் எல்லை என்று ஐஎஸ்ஓ தரநிலை வகுத்திருக்கிறது. கிராஃபில் எங்கள் மோட்டாரின் கோடு தரையில் படுத்துக் கிடந்தது, அப்புறம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. காதுக்கு எதுவுமே வித்தியாசம் இல்லை, மூத்தவரும் ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பார்த்து நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். கோடு 2.8ஐத் தாண்டியதும் அடுத்த விடுமுறை நாளில் கழற்றினோம். பேரிங்கின் அவுட்டர் ரேஸில், அதாவது வெளி வளையத்தில், குழி விழ ஆரம்பித்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது நின்றிருந்தால் ஒரு ஷிஃப்ட் முழுக்கப் போயிருக்கும், பெல்ட்டும் ஷாஃப்டும் சேர்ந்து போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. மூத்தவர் அந்த பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம் காலையில் வந்ததும் முதலில் கிராஃபைப் பார்க்கிறார், ஸ்க்ரூடிரைவரையும் விடவில்லை.

அதைவிடச் சந்தோஷம் கொடுத்தது ஏர் கம்ப்ரஸரில் மாட்டிய சாதாரண மின்மீட்டர். இரவில் ஆளே இல்லை, ஒரு மெஷினும் ஓடவில்லை, குழாய் லைனில் மட்டும் அழுத்தக் காற்று இருக்கிறது. கிராஃபில் பார்த்தால் கம்ப்ரஸர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை லோடு எடுத்து இறங்குகிறது. யாருக்காக? சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு லைன் நெடுக நடந்தோம், குவிக் கப்ளிங், பழைய ஹோஸ், ஃபில்டர் கிண்ணம் என்று ஊருக்கெல்லாம் நுரை கட்டியது. சரியாகப் பராமரிக்காத இடங்களில் கம்ப்ரஸர் தயாரிக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போய்விடலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வழிகாட்டிகள் சொல்கின்றன. படித்தபோது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன், நுரையைப் பார்த்தபிறகு நினைக்கவில்லை. பகலில் அந்தச் சீறலை மெஷின் சத்தம் மூடிவிடும், காதால் பிடிக்கவே முடியாது.

அந்தக் குஷியில் வீட்டுக்கு வந்து அளக்கும் பிளக்கை ஃபிரிட்ஜில் மாட்டினேன். நடு ராத்திரியில், யாரும் கதவைத் தொடாத நேரத்தில், அதுவும் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவு ரப்பர் ஒரு மூலையில் வாயைப் பிளந்திருந்தது. மாற்றியதும் கோடு ஒழுங்காக ஏறி இறங்க ஆரம்பித்தது. ஸ்மார்ட் வீடு என்ற பெயரில் நான் வாங்கியதிலேயே உருப்படியானது இந்தப் பிளக்தான், இத்தனைக்கும் விளம்பரத்தில் இதைக் காபி மெஷினை தூரத்திலிருந்து ஆன் பண்ணத்தான் காட்டுகிறார்கள்.

தொழிற்சாலையில் எல்லாம் சொர்க்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று ஆபரேட்டர் திரையில் ஒரு காரணத்தைத் தட்ட வேண்டும். மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால் அதிக நேரம் தின்ற காரணம் 'மற்றவை'. டூல் உடைந்து, கை முழுக்க எண்ணெயோடு நிற்பவர் பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதைத்தான் தட்டுவார், தன்னை ஒரு கண் கவனிக்கிறது என்று தோன்றிவிட்டால் அதுவும் நிச்சயம். பெரிய டிவியில் கலர் கலராக ஓடும் டாஷ்போர்டைப் பார்க்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் தொழிற்சாலைக்காரர்கள் புத்திசாலிகள். நெட் கேபிளைப் பிடுங்கினால் டாஷ்போர்டு இருட்டாகும், லேத் ஓடிக்கொண்டேயிருக்கும். மெஷினை நடத்துவது பக்கத்திலேயே கேபினெட்டில் இருக்கும் கன்ட்ரோலர், அவசர நிறுத்தப் பட்டன் நேரே வயரில் போய் சேஃப்டி ரிலேயைத் தட்டுகிறது, யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எங்கள் மீட்டர்கள் பேசும் மாட்பஸ் என்ற மொழி 1979இல் வந்தது, கேட்வே பேசும் எம்க்யூடிடி என்ற மொழி 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப் பிறந்தது. பின்னது, இணைப்பு அறுந்துபோகும், அறுந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்று தெரிந்தே செய்தது. (மாட்பஸில் பாஸ்வேர்டு என்ற சங்கதியே கிடையாது, அதை நேரடியாக இணையத்தில் திறந்துவிடுவது தற்கொலை, அது தனிக்கதை.) வீட்டுக்கு வரும்போது மட்டும் ஏன் தலைகீழாக, பார்ப்பது, நடத்துவது இரண்டையும் கொண்டுபோய் ஒரே சர்வரில் கட்டிவைக்கிறார்கள்?

வழி இல்லாமல் இல்லை. 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத்தரத்தில் கருவிகள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம், வேறு வேறு கம்பெனிப் பொருளும் சேரும். 2013இலிருந்து இருக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளைச் சின்னக் கணினியில் போட்டால் விதிகளெல்லாம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன், பிடித்திருக்கிறது, ஆனால் நாள் முழுக்க மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு வந்து வீட்டு லைட்டுக்கும் மெயின்டனன்ஸ் பார்க்க இப்போது தெம்பில்லை. நான் ஊரில் இல்லாதபோது அது மக்கர் பண்ணினால் அம்மா யாரைக் கூப்பிடுவார்கள்?

அதனால் நண்பனுக்கு என் பதில், வாங்காதே. பொருள் நன்றாக இருக்கிறது, ரிலே உழைக்கிறது, கசிவு சென்சார் ஒருமுறை வாஷிங் மெஷின் குழாய் விட்டபோது வீட்டையே காப்பாற்றியது, எல்லாம் உண்மை, இருந்தாலும் வாங்காதே. கேட்கமாட்டேன் என்றால், கடையில் நெட்டைத் துண்டிக்கச் சொல்லி, பட்டனை அழுத்திக் காட்டச் சொல். கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உன் வீட்டுக்குத்தான் இன்னும் பூச்சு வேலை ஆகவில்லையே, படிக்கட்டுக்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கும் சாதாரண டூ-வே ஸ்விட்ச் வயர் இழுத்துவிடு.

அளக்கும் பிளக்கைப் பற்றித் தனியாகக் கேட்டால் வேறு பதில். இப்போதுதான் விலை இறங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன். அதே கம்பெனிதான். அதற்கும் லாகின் கேட்கும்.