சம்பங்கித் தண்டழுகலுக்குப் பூண்டுச் சாறா, வேப்பம்புண்ணாக்கா?

மழை ஓய்ந்த புழுக்கத்தில் சம்பங்கி இலையைத் தொட்டதும் அடியோடு கழன்று வருகிறதா? தூரில் மண்ணை லேசாக விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூலாகப் பூசணமும், நடுநடுவே கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது தண்டழுகலை உண்டாக்கும் ஸ்கிளிரோசியம் ரால்ஃப்சி என்ற பூசணம். செடியைப் பிடுங்கிப் போட்டாலும் அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். அதனால் எந்தத் தாவர மருந்தானாலும், அந்த உருண்டையை அது என்ன செய்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

பூண்டு உண்மையிலேயே வீரியமான சரக்கு. பல்லை நசுக்கும்போதுதான் அதிலுள்ள ‘அல்லியின்’ (alliin) என்ற சேர்மம் ஒரு நொதியோடு சேர்ந்து அல்லிசினாக மாறுகிறது. பூசணத்தைத் தடுப்பது இந்த அல்லிசின்தான். முழுப் பல்லை வேகவைத்துக் கரைசல் செய்தால் நொதி செத்துவிடும், வாசம் மட்டும் மிஞ்சும். பச்சையாக அரைத்து, பத்து நிமிடம் விட்டு, நீர் சேர்த்து வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். ஆய்வகத் தட்டில் பூசண இழையை அது அழகாக நிறுத்துகிறது. ஆனால் தோட்டத்து மண் ஆய்வகத் தட்டு அல்லவே. அல்லிசின் நிலையற்றது, மண்ணில் ஊற்றினால் மட்கோடும் நுண்ணுயிர்களோடும் சேர்ந்து சீக்கிரமே சிதைந்துபோகும். உருண்டைகள் அதற்கப்புறமும் அப்படியே இருக்கும். ஆகவே பூண்டு நடவுக்கு முன் கிழங்கை நனைக்க மட்டும்தான். லிட்டருக்கு 100 கிராம் பூண்டு என்ற கணக்கில் கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடலாம்.

வேப்பம்புண்ணாக்கு இதற்கு நேர்மாறு. வேகம் கிடையாது, இன்றைக்குப் போட்டு நாளைக்குப் பலன் பார்க்க முடியாது. ஆனால் மண்ணிலேயே தங்கி மெதுவாக மட்குகிறது, நல்ல பூசணமான டிரைக்கோடெர்மாவுக்கும் தீனியாகிறது. அந்த உருண்டைகளைத் துளைத்துத் தின்னக்கூடியது டிரைக்கோடெர்மாதான். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். தொட்டி என்றால், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கைப்பிடி புண்ணாக்கை மண்ணில் கலந்து ஈரமாக வைத்துவிடுங்கள். பச்சைப் புண்ணாக்கை வேரோடு ஒட்டப் போட்டால் அது மட்கும் சூட்டில் வேர் கருகும்.

வேப்பெண்ணெயை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சாம்பல் நோய்க்கு இலைமேல் தெளிக்கச் சரி, மண்ணுக்குள் அழுகும் கிழங்கை அது எட்டாது. லவங்கப்பட்டைத் தூள் வெட்டுக்காயத்துக்கு நல்லது. கிழங்கைப் பிரித்த இடத்தில் தூவலாம், அவ்வளவுதான்.

என் ஓட்டு வேப்பம்புண்ணாக்குக்கும் டிரைக்கோடெர்மாவுக்கும். அதை இட்ட மண்ணில் பூண்டுச் சாற்றை ஊற்றாதீர்கள். பூண்டுக்கு நல்ல பூசணம், கெட்ட பூசணம் என்ற பேதம் தெரியாது. தூரைச் சுற்றிக் கிடக்கும் காய்ந்த இலைகளையும் அள்ளிவிடுங்கள். உருண்டை முளைத்ததும் பூசணம் தின்று பெருகுவது அந்தச் சருகில்தான்.

கடையில் முதலில் எடுத்துத் தரும் கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லி பற்றியும் சொல்ல வேண்டும். நீர் தேங்கும் தொட்டியில் வேர் கறுத்துக் குழைந்தால் அது பெரும்பாலும் பித்தியம் என்ற கிருமி. பித்தியம் உண்மையான பூசணமே இல்லை, கார்பென்டசிம் அதன்மேல் வேலை செய்யாது. அங்கே பூண்டும் வேம்பும் அப்புறம்தான். தொட்டியின் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் குத்திப் பாருங்கள்.